கரிப்பொட்டு வைத்த முட்டை

காலை ஏழே கால் மணி. அரக்கோணம் போகிற பாசஞ்சர் கூவிவிட்டுப் புறப்பட்ட நேரம், அதனால் மணி மறக்கவில்லை. என் கையில் ஒரு முட்டை இருந்தது. அதன் ஓட்டில் கரியால் வைத்த ஒரு பொட்டு. அழுக்கு என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, வாணலியின் விளிம்பில் தட்டி உடைத்தேன். எதிரே கன்னத்தில் கை வைத்தபடி என் ஆறு வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாணலியில் விழுந்தது மஞ்சள் கரு அல்ல. ரத்தச் சிவப்பில் ஏதோ ஒன்று. அதில் கறுப்பாக ஒரு கண். சட்டென்று குறுக்கே நின்று மறைத்தேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. "நைனா, அது என்னையே பாத்துச்சி" என்றாள்.

அது யுத்த காலம். மணல்வாரி அம்மையிலிருந்து எழுந்த பிள்ளை, சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு வரிவரியாகத் தெரியும். தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகப் பொதட்டூர்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். திருத்தணிக் கடைவீதியில் முட்டை கண்ணிலேயே படாது. வியாபாரிகள் கூடைகூடையாக வாங்கி அரக்கோணத்துச் சிப்பாய் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அடைக்கோழியின் அடியிலிருந்து என் மனைவி தினமும் ஓரிரு முட்டை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் கைக்கு வந்ததை எடுத்தேன். மற்றக் கோழிகளும் அந்தக் கூடையிலேயே வந்து இடும். புதிதாக இட்டதை எடுத்துக்கொண்டு, அடை வைத்ததை விட்டுவிட வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அந்தக் கரிப்பொட்டு என்பது, பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய எனக்கு அதை உடைக்கும்வரை தெரியாது.

அதற்குப் பிறகு முட்டை என்றாலே அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "இன்னிக்கி கிருத்திகை, நைனா."

"கிருத்திகை முந்தாநாளே போயிடுச்சே."

"அப்ப சஷ்டி."

"சஷ்டியும் இல்லம்மா."

"மலையில மணி அடிக்குது பாரு. முட்ட துன்னா சாமி கோச்சிக்கும்."

எங்கள் ஊரில் காவடி போகாத நாள் குறைவு. ஆகவே அவளுக்குச் சாட்சிக்குப் பஞ்சமில்லை. சிரித்துவிட்டு நான் வேறு வழி தேடினேன். அதுதான் இரண்டாவது தவறு. தோசை மாவில் முட்டையை அடித்துக் கலந்தேன். முருங்கைக் கீரையில் உதிர்த்துப் போட்டேன். கேழ்வரகுக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்த அன்று, ஒரு வாய் குடித்து நாக்கில் நிறுத்திப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் அத்தனையையும் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து நான் வைத்த இட்லியையெல்லாம் துண்டு துண்டாகப் பிட்டு உள்ளே கண் இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்த பிறகும் தின்னவில்லை. பொரியும் வாழைப்பழமும்தான் உணவு. பிள்ளைக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்றால் பொறுத்திருப்பேன். என் கையையே அவள் நம்பவில்லை. எட்டாம் நாள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் மயங்கி விழுந்தாள்.

அன்றே ரயில் கார்டு ஒருவர் மூலம் பாவாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பாவா என் அக்காவின் கணவர். அரக்கோணம் ஜங்ஷனில் ரயில்வே சிற்றுண்டிச் சாலையில் சமையல்காரர். சிப்பாய் வண்டிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து வந்தார். தோளில் துண்டு, அதில் சுற்றிய ஓர் இரும்புக் குழிக்கரண்டி, கையில் தவிடு நிரப்பிய தகர டப்பா. தவிட்டுக்குள் ஆறு முட்டைகள்.

நான் நடந்ததைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"வாத்தியாரே, ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் குடுத்துகினு இருக்கே. உம் பொண்டாட்டி வெச்ச ஒத்தப் பொட்ட படிக்கத் தெரியலியா உனக்கு?"

அதோடு என்னை விட்டுவிட்டார். மகளையும் கொஞ்சவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்தினார். கூரை ஓட்டு இடுக்கு வழியாகக் கோல்போல ஒரு வெயில் இறங்கும். அதற்கு நேரே அவளை நிறுத்தி, அவள் கையைக் குழலாக மடக்கி, அதன் மறுமுனையில் தவிட்டு முட்டை ஒன்றை வைத்து உள்ளே பார்க்கச் சொன்னார்.

"என்னா தெரியுது?"

"மஞ்சளா இருக்குது."

"செவப்பா நூலாட்டம் ஓடுதா? நல்லா பாரு. அவசரம் இல்ல."

"இல்ல, மாமா."

மூலையில் கூடையில் இருந்த அடைக்கோழியை நகர்த்தி, கரிப்பொட்டு வைத்த முட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அவள் மூச்சை இழுத்தாள். "கறுப்பா என்னமோ இருக்குது! நூலு ஓடுது! ஆடுது!" என்றாள். "ஆங், அது குஞ்சோடது. கொண்டுபோய் அவங்கம்மா கிட்ட வெச்சிடு" என்றார். இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு அடுப்பில் கரண்டியைக் காட்டி, எண்ணெய் விட்டு, அவள் பார்த்துக் கொடுத்த முட்டையை அவளையே உடைக்கச் சொன்னார். கொஞ்சம் சின்ன வெங்காயம், மிளகு, உப்பு. கரண்டிக்குள் அது பூரித்து எழுந்தது. அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அடுத்ததை எனக்குக் கொடுத்தார். அவள் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு?"

"உனக்கு யாரு பாத்துக் குடுக்கறது? நாங்க பாத்தா நீதான் நம்ப மாட்டியே. நீயே பாத்துக்கினு வா."

டப்பாவுக்குள் கையை விட்டாள். அன்று அவள் தின்றது ஒன்றரை முட்டை.

பாவா இப்போது இல்லை. ரயில் அரக்கோணத்தில் நிற்கும்போதெல்லாம் அந்தச் சிற்றுண்டிச் சாலையின் வாசலை ஒருமுறை பார்க்கிறேன், யாராரோ பரிமாறுகிறார்கள். அவர் விட்டுப்போன கரண்டி எங்கள் அடுக்களையில் இருக்கிறது. நான் போட்டால் முட்டை அப்படிப் பூரிப்பதில்லை. மகள் கல்யாணமாகி வேலூரில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் முட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் சமைக்கத் தருகிறார்களாம். கடிதத்தில் அதைப் படித்த அன்றும் அந்த வாணலிதான் நினைவுக்கு வந்தது. அவள் மயங்கி விழுந்த இடத்தை நான் இன்னும் மிதித்து நடந்ததில்லை.

இதில் எதையும் என் மனைவிக்கு நான் அப்போது எழுதவில்லை. பாவா வந்துபோன மூன்றாம் மாதம் பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து கைக்குழந்தையோடு அவள் வந்து இறங்கினாள். பெரியவளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சதை வைத்திருந்தது. பிறகு வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிக்குஞ்சுகளை விரல் நீட்டி எண்ணினாள்.

"பத்துதானே இருக்குது? பதினொண்ணுக்குப் பொட்டு வெச்சிட்டுப் போனேனே. இன்னொண்ணு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது கூமுட்டம்மா. நான்தான் வெயில்ல வெச்சிப் பாத்தேன்."