சொத்து விசாரிக்க வந்த பாக்கியசாமி மகள்

டீனாவைப் பற்றி நான் சொல்கிறேன், என் பேத்தி கனிஷ்கா எழுதுகிறாள். கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் எழுதினாளா என்று பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.

கோவை கணபதியில் எங்கள் பட்டறைக்குப் பின்னால், வேலைக்காரர்கள் குடியிருக்க வரிசையாகக் கட்டிய ஐந்து லைன் வீடுகள் உண்டு. மூன்றாவது வீட்டில்தான் டீனா வளர்ந்தாள். அவள் அப்பா பாக்கியசாமி எங்களிடம் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், அவசர ஆர்டர் இருந்தால் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவார். மகளைப் பொருளாதாரம் படிக்க வைத்தார். அதைப் படித்து என்ன செய்வது, டைப்பிங் படிக்கட்டும் என்று அப்போது நான் சொன்னேன். அப்பனும் மகளும் கேட்கவில்லை. இன்று அவள் கல்லூரியில் பேராசிரியை. பேருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிறார்கள், ஒரு ஊசி போடத் தெரியாது.

அவள் ஆராய்ச்சி என்னவென்று எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். இங்கே செய்யும் பம்பு சாமான்கள் ஆப்பிரிக்கா, துபாய் என்று கப்பலேறுகின்றன. அதனால் இந்தத் தெரு வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியில் முதலாளி வீட்டில் எவ்வளவு தங்கியது, லைன் வீட்டுக்கு எவ்வளவு போனது? இதைக் கண்டுபிடிக்க ஐந்து வருஷத்துக்கு முன்னால் நூற்றிருபது வீடுகளில் கேட்டாள். அப்போது மாணவர்களை அனுப்பினாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார், அவரே ஏதோ பதில் சொன்னார். இந்த வருஷம் அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்கத் தானே வந்தாள்.

தானே வந்ததுதான் எனக்குச் சந்தேகம். முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவரின் மகள், எங்களிடம் எத்தனை பவுன், எத்தனை ஏக்கர் என்று எதற்கு விசாரிக்க வேண்டும்? யார் பெயரையும் வெளியிட மாட்டேன் என்று போனில் சொன்னாள். பெயர் வேண்டாதவளுக்கு வீடு மட்டும் எதற்கு? தெருவில் அதற்குள் ஆளுக்கொரு பேச்சு. ரேசன் கார்டைப் பிடுங்கப் போகிறார்கள் என்றார்கள், வரி ஆபீசிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள்.

மறுநாள் வருகிறாள் என்றதும் என் எட்டுப் பவுன் சங்கிலியைக் கழற்றி, இப்போது எங்கள் லேத்தில் நிற்கிற சென்னிமலையின் பெண்டாட்டி சாய்ப்ரியாவிடம் கொடுத்தேன். பெட்டியில் வை என்றுதான் கொடுத்தேன். அவள் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் மட்டும் இப்படிச் செய்யவில்லை. தெருவில் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் அன்றைக்கு வெறுங்கழுத்தோடும் மஞ்சள் கயிற்றோடும் இருந்தோம். நகையெல்லாம் லைன் வீடுகளில்.

டீனா வந்தாள், கேட்டாள், கையிலிருந்த பலகை போன்ற போனில் தட்டிக்கொண்டாள். நகை இல்லை, நிலம் இல்லை என்றேன். காப்பி குடித்துவிட்டு லைன் வீடுகளுக்குப் போனாள். சாய்ப்ரியாவிடம் சங்கிலி யாருடையது என்று கேட்டிருக்கிறாள். தன்னுடையதுதான் என்று சாய்ப்ரியா சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாய் என்று பின்னால் கேட்டேன். கழுத்தில் போட்டுக்கொண்டு எப்படிங்க இல்லை என்று சொல்வது என்றாள்.

மூன்று வாரம் கழித்து டீனா மறுபடி வந்தாள், முகம் சரியில்லை. எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். அவள் கணக்குப்படி இந்தத் தெருவில் முதலாளிகளின் தங்கம் பாதியாகிவிட்டதாம், தொழிலாளிகளின் தங்கம் மூன்று மடங்காம். ஏற்றுமதியின் பலன் அடிமட்டம் வரைக்கும் போய்விட்டது என்று கல்லூரியில் எல்லாருக்கும் சந்தோஷமாம். அடுத்த மாதம் சென்னையில் பெரிய கூட்டத்தில் அவள் வாசிக்க வேண்டும்.

"நல்லதுதானே கண்ணு?"

"அந்தச் சங்கிலி யாருதுங்க ஆத்தா?"

"எந்தச் சங்கிலி?"

"சாய்ப்ரியா கழுத்துல இருந்தது. எவர்சில்வர் கொக்கி போட்டது."

வருஷங்களுக்கு முன்னால் கொக்கி உடைந்தபோது, ஆசாரியிடம் போகும்வரை இருக்கட்டும் என்று பாக்கியசாமிதான் எவர்சில்வர் கம்பியை வளைத்து ஒன்று செய்து கொடுத்தார். உறுதியாக இருந்தது, நான் மாற்றவே இல்லை. அப்பன் கைவேலை மகளுக்குத் தெரியாதா?

"அப்பறம் ஏன் அன்னைக்கே கேக்கல?" என்றேன்.

"சாய்ப்ரியா மூஞ்சியப் பாத்தேனுங்க. அங்க கேக்க மனசு வரலைங்க."

நான் உண்மையைச் சொன்னால் அவளுடைய ஐந்து வருஷ வேலை படுத்துவிடும், நூற்றிருபது வீட்டுப் படியும் மறுபடி ஏற வேண்டும். சொல்லாவிட்டால் பொய்யை வாசித்துக் கைதட்டு வாங்குவாள். சொல்லுங்க என்றும் கெஞ்சவில்லை, போகவும் இல்லை. இவளுக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.

கடைசியில், "என்னுதுதான்" என்றேன். "எட்டுப் பவுன். தெருவுல பாதி நகை அன்னைக்கு இடம் மாறிப் போச்சு. போய் எல்லார்த்துகிட்டயும் திரும்பக் கேளு."

அவள் ஏதோ அழித்தாள், ஏதோ தட்டினாள். சென்னைக்கு வரவில்லை என்று எழுதிவிடுவேன் என்றாள். எனக்கு மனசு கேட்காமல், மூலையில் கிடந்த மூட்டையிலிருந்து நாலு தேங்காய் எடுத்து அவள் பையில் போட்டேன். அவள் தேங்காயைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நிலம் இல்லைன்னீங்களே?"

"கோபியில ரெண்டரை ஏக்கர் தோப்பு. எழுதிக்க."

எழுதினாள். பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் வந்த நாளிலிருந்து நான் பயந்து காத்திருந்தது வேறொரு கேள்விக்கு. அதை அவள் கேட்கவே இல்லை. வாசலைத் தாண்டப் போகிறவளை நானே கூப்பிட்டேன்.

"பாக்கியசாமி வேலையை விட்டு நின்னப்ப நாங்க ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தோம். வேற ஒண்ணும் குடுக்கல. அதையும் எழுது."

"அது என் கேள்வியில இல்லீங்க ஆத்தா."

"இல்லாட்டிப் போகுது. எழுது அம்மணி."

பையிலிருந்து போனை மறுபடி எடுத்தாள். நின்றபடியே தட்டினாள். நான் பக்கத்தில் போய் அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். எழுத்தாகத்தான் இருந்தது. கடிகாரம் என்றுதான் எழுதினாளா, வேறு எதையாவது எழுதினாளா, எனக்குத் தெரியாது.