எட்டு அங்குல ஸ்பீக்கரும் ஏழடி அறையும்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கடையிலும் தெருவிலும் அவர் 'கனம்'தான். குரல் அப்படி. "அடுத்த வரியை வாசிங்க" என்று அவர் அடித்தொண்டையிலிருந்து சொன்னால், நாற்காலியில் இருப்பவர் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல நிமிர்ந்து உட்காருவார். கேலிக்கு வைத்த பெயர் அது. அவருக்கு அதில் பெருமை பிடிபடவில்லை.

இந்தக் குரல் மூக்குக்கண்ணாடிக் கடையில் வீணாகிறதே என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். போனவர் அதோடு மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வாய்ப்பும் வந்தது. புத்தகங்களை வாசிக்கவைத்துப் பதிவுசெய்து ஒலிநூலாக விற்கும் நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பக்கூடியவர்களைத் தேடியது. ஒரு நகைச்சுவை நாவலின் முதல் அத்தியாயத்தை மாதிரிக்கு அனுப்பிவைத்தது. பிடித்திருந்தால் நாவல் முழுவதும் இவருக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு.

வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஓர் அறை. எட்டடி நீளம், ஏழடி அகலம். அதில்தான் கணக்கு டீச்சரான அவர் மனைவி விடைத்தாள் திருத்துவார். அறையைக் கேட்டதும் டீச்சர் கோபப்படவில்லை. சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு சான்ஸ். அந்தக் கம்பெனி சரின்னு சொல்லிட்டா ரூம் உங்களுக்கு. வேண்டாம்னு சொல்லிட்டா மேசை, நாற்காலி, ரூம் எல்லாம் எனக்கு. அதுக்கப்புறம் என் குரல், என் குரல்னு இந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

'யாரும்' என்று பொதுவாகச் சொன்னாலும் வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

கருவிகள் வாங்க டீச்சரின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மைத்துனருக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் கிடையாது. தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை என்பதால் அப்படித்தான் நம்பவேண்டியிருக்கிறது. முதலில் மைக்கில் பேசுவதைக் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒற்றை ஆள் பேசுவதற்கு இரண்டு மைக் செருகும் பெட்டியே அதிகம் என்றார் கடைக்காரர். மைத்துனர் விடவில்லை.

"எட்டு செருகறதே இருக்கட்டும் அத்தான். பின்னாடி தேவைப்படும்."

பின்னாடி என்ன தேவைப்படும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

அடுத்தது ஸ்டுடியோ மானிட்டர். பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கொஞ்சம் அழகுபடுத்திக் காட்டும். இது, பதிவானதை உள்ளபடியே கேட்டுச் சரிபார்க்கிற ஸ்பீக்கர். கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரூம் எவ்வளவு பெரிசு சார்?"

கேள்வி எளிமையானதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒருவர், கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் தொங்கும் ஹெட்போனுமாக, பெரிய இசையமைப்பாளர் தோரணையில் நின்றுகொண்டிருந்தார். ஏழடிக்கு எட்டடி என்று சொல்ல நம்மவருக்கு வாய் வரவில்லை.

"பதினெட்டுக்குப் பதினாலு" என்றார், குரலில் இன்னும் கொஞ்சம் கனத்தை ஏற்றி. அவர் வீட்டில் கூடம்கூட அவ்வளவு பெரிதில்லை.

"அப்ப எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் போட்டாத்தான் எடுபடும்" என்று கடைக்காரர் நம்பி எடுத்துக்கொடுத்தார். மைத்துனர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து இறக்கியபோது மேசை முழுவதையும் ஸ்பீக்கர்களே அடைத்துக்கொண்டன. ஆளுக்கொரு மூலையில், சுவரை ஒட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. இன்டர்ஃபேஸை நாற்காலிக்குக் கீழேதான் வைக்க முடிந்தது. டீச்சர் எட்டிப்பார்த்தார்.

"இருக்கிறது ஒரு வாய். அதுக்கு எதுக்குங்க எட்டு ஓட்டை?"

கேட்டுவிட்டு, ஸ்பீக்கர் வந்த காலிப் பெட்டிகள் இரண்டையும் கூடத்துக்கு இழுத்துப்போய் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதையே மேசையாக்கி விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

முதல் பதிவைப் போட்டுக் கேட்டபோது நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் குரல் அறை முழுக்க உருண்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசைமேல் பேனா நகர்ந்தது. சின்ன அறையின் மூலைகளில் வைத்தால் கனமான ஒலி சுவரில் மோதி இரண்டு மூன்று மடங்காகத் திரண்டு நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. அத்தனையும் தன் தொண்டையின் மகிமை என்றே நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே காது அடைத்தது. கணினியில் பேஸை, அதாவது அந்தக் கனமான ஒலியை, குறைத்தார். அப்போதும் குமுறியது. இன்னும் குறைத்தார். குறைத்துக் குறைத்து, அறையில் கேட்க இதமாக வந்ததும் அனுப்பிவைத்தார்.

பதில் சீக்கிரமே வந்தது. 'குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருக்கிறது. இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள். அதுவே கடைசி.'

"அவங்களுக்குக் காது சரியில்ல அத்தான்" என்று மைத்துனர் போனில் தீர்ப்புச் சொன்னார். நம்மவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. டீச்சர் மட்டும், "எனக்கு அனுப்புங்க பார்ப்போம்" என்று வாங்கித் தன் கைப்பேசியில் போட்டுக் கேட்டார். கூடத்தில் ஒரு கொசு நாவல் படித்தது.

"யாருங்க இது?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஓடிப்போய் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். கம்பீரம். வெளியே வந்து கைப்பேசியில் கேட்டார். கொசு. உள்ளேயும் வெளியேயுமாக அலைந்து, எதுவும் பிடிபடாமல் அன்றைக்குச் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் மனிதர். கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது என்று தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ரகம். காத்திருந்த நேரத்தில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு, கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். நம்மவருக்குச் சந்தேகம். பலகையைத் திருப்பிப் பின்பக்க எழுத்துகளைக் காட்டினார். இரண்டாவது வரியிலேயே ஆள் திணறிப்போனார். இத்தனை வருஷமாக இப்படி மாட்டியவர்களிடம் சொல்லும் வசனத்தைக் கனம் எடுத்துவிட்டார்.

"சார், நீங்க பொய் சொன்னா அந்தப் பொய்க்குத்தான் நான் கண்ணாடி போட்டுத் தர முடியும். உங்க கண்ணுக்கு..."

வசனம் பாதியில் நின்றது. பதினெட்டுக்குப் பதினாலு என்று தான் சொன்னது காதில் கேட்டது. வந்தவருக்கு எதுவும் புரியவில்லை. கண் பார்க்க வந்த இடத்தில், பார்க்கிறவருக்கு முகம் சுண்டிப்போவதை அவர் முன்னே பின்னே கண்டதில்லை.

சாயங்காலம் கூடத்தில் டீச்சரிடமிருந்து பெட்டிகளைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கர்களை உள்ளே வைத்து, இன்டர்ஃபேஸையும் எடுத்துக்கொண்டு தனியாகவே ஸ்பீக்கர் கடைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மேலே, டீச்சரின் சிவப்பு மை விடைத்தாளைத் தாண்டி ஊறி, பெரிதாக ஒரு மார்க்.

"இது என்ன சார், நூத்துக்குப் பதினொண்ணு?"

"எனக்குத்தாங்க. ரூம் ஏழுக்கு எட்டு" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கனம் துளிகூட இல்லை.

கடைக்காரர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு நான்கு அங்குலத்தில் ஒரு ஜோடியையும், இரண்டு மைக் செருகும் பெட்டியையும் மாற்றிக்கொடுத்தார். மூலையில் வைக்காதீர்கள், சுவரிலிருந்து தள்ளி, காதுக்கு நேராக வையுங்கள் என்று சொல்லியனுப்பினார். அப்படியே வைத்தார். மேசையில் பாதி காலியாக இருந்தது. டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்து அந்தப் பாதியில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பதிவை, பேஸ் குறைப்பதற்கு முன்னிருந்தபடி, சின்ன ஸ்பீக்கரில் போட்டார். ஜன்னல் அதிரவில்லை. தொண்டையை அமுக்கிப்பிடித்து, இல்லாத கனத்தை இழுத்துவைத்துக்கொண்டு ஒரு மனிதர் சிரிப்புக் கதையை இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அமுக்கலும் தெளிவாகக் கேட்டது. பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவமானமாக இருந்தது. அழுகை வராத குறைதான்.

"இவ்வளவுதானா என் குரல்?"

டீச்சர் விடைத்தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே சொன்னார். "இது கடைக்குப் போற குரல். பால் பொங்கிடுச்சு, பால் பொங்கிடுச்சுன்னு சமையலறையிலிருந்து கத்துவீங்களே, அந்தக் குரல்ல படிங்க. அதைத்தான் நான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். அது நல்லாத்தான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் குரலைப் பற்றி டீச்சர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவர் தொண்டையைச் செருமவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்து, பால் பொங்கிவிட்ட அதே பதற்றத்தோடும் அசட்டுத்தனத்தோடும் அத்தியாயம் முழுவதையும் வாசித்தார். எதையும் குறைக்காமல், எதையும் கூட்டாமல், திரும்பக்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார். திரும்பக் கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

நிறுவனத்தின் பதிலை டீச்சர்தான் சத்தமாகப் படித்தார். நாவல் முழுவதும் இவருக்கே. ஒரே ஒரு திருத்தம்: கதையில் குடையைத் தேடி வீடே அலைகிற இடத்தில், பின்னால் ஒரு பெண் அடக்க முடியாமல் சிரிப்பது பதிவாகியிருக்கிறது, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்து அனுப்பவும்.

"நான் சிரிக்கவே இல்ல" என்றார் டீச்சர்.

அவர் அந்தப் பகுதியை ஸ்பீக்கரில் போட்டார். அறையில் டீச்சர் சிரித்தார், உள்ளபடியே.

நிறுவனம் கேட்டபடி அதை மறுபடி வாசித்து அனுப்பினார். அறை ஒப்பந்தப்படி இனி அவருடையது என்றாலும் பாதி மேசை டீச்சரிடமே இருக்கிறது. சிரிப்பு விழுந்த பதிவை அழித்துவிடச் சொல்லி டீச்சர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அழிப்பதாக இல்லை.