பாலத்துக்கு அடியில் பேசிய போன்

என் அக்கா பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள். அவள் கணவர், என் மாமாவுக்குக் கண் தெரியாது. ஒரு கம்பெனியில் வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுகிற வேலை. அவருக்காக அக்கா ஒரு செயலி எழுதினாள். பஸ்ஸில் போகும்போது அடுத்த நிறுத்தம் எது என்று போன் சொல்லும். எப்போது சொல்ல வேண்டும் என்ற பகுதியை எழுதியது மாமா. "சீக்கிரம் சொன்னா மறந்துடும், லேட்டா சொன்னா கதவு மூடிடும்" என்பார்.

ஒரே ஒரு வில்லங்கம். நீளமான மேம்பாலத்துக்கு அடியில் போனால் சிக்னல் அறுந்து செயலி வாயை மூடிக்கொள்ளும். மாமா இறங்க வேண்டியதோ பாலம் முடிகிற இடத்தில். தினமும் கண்டக்டரைக் கெஞ்சுவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

செயலியின் நிரலை, அதாவது அதை இயக்கும் கட்டளை வரிகளை, அக்கா இணையத்தில் திறந்து வைத்தாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதன் நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுதான் உரிமம். முகம் தெரியாத நாலு பேர் வந்து பிழை திருத்தினார்கள்.

பஸ்ஸுக்குள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் அறிவிப்புப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனி எழுதியது: "அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள், எல்லா பஸ்ஸிலும் வைக்கிறோம்." அக்கா துள்ளினாள். நானும்தான்! ஆனால் உரிமத்தை மாற்ற, நிரலில் கை வைத்த அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அந்த நாலு பேரும் சரி என்றார்கள். மிச்சம் இருந்தவர் எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றார் மாமா.

"என்னங்க, எல்லா பஸ்லயும் வரும்ங்க!"

"பாலத்துக்கடியில பேச வைக்க அவங்க ஒரு வழி கண்டுபிடிச்சா? அவங்க பெட்டிக்குள்ளயே பூட்டி வெச்சுப்பாங்க. பெட்டி இல்லாத பஸ்ல நான் ஊமை போனை வெச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"அவங்க வேற ஆள பாத்துக்கிட்டா?"

"பாத்துக்கட்டும்."

இந்த மனுஷனுக்காகத்தானே அவள் எழுதினாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் கம்பெனிக்கு முடியாது என்று எழுதினாள்.

கம்பெனி வேறு ஆளைத் தேடி அலைந்ததோ என்னவோ, கடைசியில் எங்கள் நிபந்தனைக்கே ஒத்துக்கொண்டது. முதல் பெட்டிகள் பஸ்ஸில் ஏறின. நிபந்தனைப்படி அவர்கள் திருத்திய நிரலும் வெளியே வந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த அக்கா போட்ட கூச்சலில் நான் டீயைக் கொட்டிவிட்டேன். சிக்னல் போனாலும் வண்டியின் ஓட்டத்தை வைத்தே இடத்தைக் கணிக்கிற வித்தை அதில் இருந்தது! அன்றே அதை எங்கள் செயலியில் சேர்த்தாள்.

மறுநாள் காலை மூவரும் பஸ் ஏறினோம். பழைய வண்டி, பெட்டி கிடையாது. பாலத்தின் நிழல் விழுந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

போன் பேசியது. பாலத்துக்கு அடியிலேயே, கணீரென்று, மாமா இறங்கும் இடத்தின் பெயரைச் சொன்னது.

மாமா எழுந்தார். நாங்களும் எழுந்தோம்.

"நீங்க எங்க வர்றீங்க? உக்காருங்க" என்றார்.

தடியைத் தட்டிக்கொண்டு தனியாக இறங்கினார். கதவு மூடியது. அடுத்த நிறுத்தம் வரை நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.