படை விலகும்போது சமையலறை

அப்பா ஆப்கானிஸ்தானில், வெளிநாட்டுப் படைமுகாம் ஒன்றில் சமையல்காரராக இருந்தார். படைகள் வெளியேறப்போவதாகச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: அவர் எப்போது வெளியேறுவார்? ஒப்பந்தக் கம்பனியின் பதில் சுருக்கமானது. கடைசிச் சாப்பாடு முடியும்வரை சமையலறை இயங்கும்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத் தொடங்கியிருந்தேன். எங்கள் ஊரான மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் படகில் ஏறியதும் அப்பாவின் அழைப்பு வரும்.

"இண்டைக்கு எத்தின தட்டு அப்பா?"

"ஏன் புள்ள, நீயா வந்து கழுவப்போறாய்?" என்று சிரிப்பார். பிறகு சொல்லிவிடுவார்.

தளபதிகளின் திட்டம் அவருக்குத் தெரியாது. தட்டுகளின் தொகை தெரியும். அது திடீரென்று சரிந்தால், எங்கோ ஒரு காவலரண் உள்ளூர்ப் படையிடம் கைமாறியிருக்கும். அவர்கள் தங்கள் ரொட்டியைத் தாங்களே சுட்டுக்கொள்வார்கள். முகாமின் வாயிற்காவலே கைமாறியதை அப்படித்தான் ஊகித்தேன். தொகைகளை விரிவுரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்தேன்.

"இப்பிடிக் குறைஞ்சா இன்னும் பத்து நாள் அம்மா."

"சோத்தப் பாத்துச் சாத்திரம் சொல்றியோ?" என்றார் அம்மா. ஆயினும் மறுநாள் காலை கொப்பியை அவரே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் தொகை குறையாமல் நின்றுவிட்டது. கடைசியாகப் போகவேண்டியவர்கள் மட்டும் எஞ்சியிருந்தார்கள். அவர்கள் உண்ணும்வரை அப்பாவும் இருக்கவேண்டும். பத்து நாள் கடந்தது. நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு காலையில் அவராகவே சொன்னார்: "நாளையிலிருந்து அடுப்பு இல்ல புள்ள. அவங்களுக்குப் பொதிச் சாப்பாடாம்."

கடைசிச் சாப்பாட்டுக்குச் சமையல்காரர் தேவையில்லை என்பது என் கணக்கில் இருக்கவில்லை.

அப்பா வீடு வந்த அன்று, சமையலறையை யாரிடம் ஒப்படைத்தார் என்று கேட்டேன்.

"உள்ளூர்ப் படை அதிகாரி ஒருத்தர். சாவிய வாங்கிப்போட்டு, பகல் சாப்பாடு எப்ப எண்டு கையால காட்டிக் கேக்கிறார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒரு சட்டி பருப்பு வச்சன்."

அம்மா நிமிர்ந்தார். "அப்ப உங்கள ஏத்திப்போற பஸ்?"

"வெளியில ஹோன் அடிச்சிக்கொண்டு நிண்டது."

"உங்கள உட்டுட்டுப் போயிருந்தா?"

"பருப்பு அவியாம எப்பிடிகா வாற?" என்றார் அப்பா.