வலது பக்கக் கதவு

என் தம்பி லிப்ட் மெக்கானிக். இந்த ஊரின் உயரமான கட்டடங்களில் பாதி அவன் கையால்தான் ஏறி இறங்குகின்றன என்று நான் யாரிடமாவது சொன்னால் உடனே திருத்துவான். "பாதி இல்லக்கா, எங்க கம்பெனி பாக்குறது மட்டும்." கூட்டிச் சொல்லத் தெரியாதவன். கோபப்படவும் தெரியாது. பொறாமை மட்டும் உண்டு. அது எங்கள் அப்பா அம்மா வழியில் வந்ததில்லை, அவனுடைய சொந்தச் சம்பாத்தியம்.

அந்தப் பொறாமையும் எல்லார் மீதும் பாயாது. ஒரே ஆள்தான், அவன் சகலை. தம்பி மனைவியின் அக்காவைக் கட்டியவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை, என் தம்பி சின்ன மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். மெஷின் வந்த பிறகுதான் இது.

மெஷினைத் தம்பி கடையில் வாங்கவில்லை. வேலை விட்டு வந்தபின், வீட்டின் பின்னறையில், துண்டு துண்டாகக் கட்டினான். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்தால் அது தானாகவே பலகையில் செதுக்கும். சாப்பாட்டு மேசை அகலத்துக்கு, ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு அடித்தளம், அதன் மேல் குறுக்கே ஒரு சட்டம், சட்டத்தில் சுழன்று வெட்டும் மோட்டார். அதை முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்தத் தனித்தனி மோட்டார்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு சின்ன ஸ்விட்ச். சட்டம் ஓரத்தில் மோதப் போனால் ஸ்விட்ச் அமுங்கும், மெஷின் அப்படியே நின்றுவிடும். லிப்டும் இப்படித்தான் மேல்தளத்தைத் தாண்டிப் போகாமல் நிற்கிறது என்று எனக்கு விளக்கினான்.

அதை ஓட்டிப் பழக்கியதையும் பார்த்திருக்கிறேன். நூறு மில்லிமீட்டர் போ என்று சொன்னால் அது அரை மில்லிமீட்டர் குறைவாகப் போய் நிற்கும். இரும்பு ஸ்கேலை வைத்து அளப்பான், கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றுவான், மறுபடி அளப்பான்.

"அரை மில்லிதானேடா" என்றேன்.

"ஒவ்வொரு நூறுக்கும் அரைக்கா. ஆளுயரப் பலகைல போனா அரை விரக்கடை போயிரும். நீ சட்டைக்குக் கைய இப்படி வச்சு அனுப்புவியா?"

நான் துணி ஆலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கிறவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் ஒரு தையல் விலகினால் என் கண்ணுக்குத் தப்பாது. அதனால் ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

மெஷின் ஓடியது. பார்க்கத்தான் லட்சணமாக இல்லை. ஒயர்கள் சுவர் ஆணியிலும் ஜன்னல் கம்பியிலும் தொங்கின. "எட்டுக்கால் பூச்சியோட குடித்தனம் நடத்துறேன் அண்ணி" என்பாள் தம்பி மனைவி. அவள் வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பவள். பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் சமையலறை வாசல்வரை நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும். அந்தப் பின்னறை மீது அவளுக்கு ஒரு கண் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. எந்த மோட்டார், எந்த போர்டு, எங்கே வாங்குவது, எதில் ஏமாறக்கூடாது, எல்லாவற்றையும் படம் வரைந்து கொடுத்தனுப்பினான்.

சில மாதம் கழித்து அவர் எங்கள் எல்லாரையும் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு மெஷின் நின்றது. அலுமினியச் சட்டம், தூசி வெளியே வராமல் கண்ணாடிக் கூண்டு. ஒயர்கள் ஒரே தடிமனான கறுப்புச் சடையாகச் சேர்ந்து சங்கிலி மாதிரி மடிந்து மடிந்து போயின.

"பாருங்களேன், ஒரு ஒயர் வெளிய தெரியுதா" என்றாள் தம்பி மனைவி. யாரையும் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

சகலை கெட்டவராக இருந்திருந்தால் வீடு வரும்வரை திட்டித் தீர்த்திருப்போம். அவர் வந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் நம்ம சகல சொல்லிக் குடுத்தது" என்று தம்பியின் தோளைத் தட்டினார். நல்லவர் மேல் வரும் பொறாமையை எங்கே போய்க் கொட்டுவது? பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது மட்டும், "நான் வச்ச உலைல அவரு சோறு வடிச்சிட்டாரு" என்றான். எனக்கும் வயிறு எரிந்தது. தம்பி அல்லவா.

இந்தச் சமயத்தில் மாமனார் புது வீட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தார். வாசலுக்கு இரட்டைக் கதவு. அதில் ஒரு கொடி செதுக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. "பெரியவரு செஞ்சு குடுத்துருவாரு" என்று அந்த அம்மா ஆரம்பித்ததுமே தம்பி மனைவி குறுக்கிட்டாள்.

"எங்க வீட்டுலயும் மெஷின் இருக்கும்மா."

மாமனார் நியாயஸ்தர். ஆளுக்கு ஒரு கதவு என்று பிரித்துவிட்டார். ஒரே படம். கொடி இடது கதவில் கிளம்பி, நடுவில் கடந்து, வலது கதவில் பூக்க வேண்டும். இடது பெரியவருக்கு, வலது சின்னவருக்கு. இரண்டையும் சேர்த்து மூடினால் தண்டு தண்டோடு பொருந்த வேண்டும்.

"வேலை நடக்கும்போது ஒரு நாள் வந்து பாக்குறோம் மாப்பிள்ள" என்றும் சொல்லிவிட்டார். அதுதான் வினையாயிற்று.

தம்பி ஒட்டுப்பலகையில் சோதனைக்கு ஒரு பூ வெட்டினான். அச்சில் வார்த்த மாதிரி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமியார் வரப்போகிறார், சகலையும் வரப்போகிறார். அவன் கண்ணில் அந்தக் கறுப்புச் சடை ஆடிக்கொண்டே இருந்தது. லீவு போட்டு உட்கார்ந்து, தொங்கிய ஒயர்களையெல்லாம் கழற்றி, நீட்டி, நறுக்கி, ஒன்றாகச் சேர்த்து, சாண் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு போட்டு, பின்னிய ஜடை மாதிரி ஆக்கிவிட்டான். நானே மெச்சினேன். ஒரு பிசிறு இல்லை.

அவர்கள் வந்தார்கள். பின்னறையில் நிற்க இடமில்லை. தம்பி பழைய பலகையைப் பொருத்தி மெஷினை ஓட விட்டான். கட்டர் சுற்றியது, இலை ஒன்று பாதி உருவாயிற்று. சட்டென்று எல்லாம் நின்றது. சட்டம் நட்டநடுவில் நிற்கிறது, கம்ப்யூட்டரோ ஓரத்து ஸ்விட்ச் அமுங்கிவிட்டது என்று சிவப்பில் எழுதிக் காட்டுகிறது. மறுபடி ஓட்டினான். மறுபடி நின்றது.

"அசந்துருச்சா?" என்றார் மாமியார்.

"புது ஆளுங்களப் பாத்து வெக்கப்படுது" என்றார் மாமனார்.

சகலை மட்டும் ஒயர் கட்டையே பார்த்தபடி, "சகல, நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றார்.

"வேணாம்ணே. மோட்டார் சூடாயிருக்கு. ஆறுனா சரியாயிரும்."

மோட்டார் ஆறித்தான் இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாமனார், "முடியலன்னா பரவால்ல மாப்பிள்ள, அதுல என்ன இருக்கு. பெரியவரே ரெண்டையும் பண்ணிடட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். அவர் தணிவாகச் சொன்னது தம்பிக்கு அறைந்த மாதிரி இருந்தது.

அவர்கள் போன பிறகு தம்பி மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அது கதவு செய்யலன்னா வேற எதுக்குங்க அந்த ரூம்ல இருக்கு? பிள்ளைங்களாவது காத்தோட்டமா உக்காரும்."

"செய்யும்" என்றான்.

"செஞ்சா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா காலி பண்ணிடணும்."

"சரி."

அந்த வாரம் அவன் எதையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான் என்று சொல்லி மாளாது. மெஷினின் வேகத்தைக் குறைத்தான். ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினான். கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளை மாற்றினான். நகர்த்தும் மோட்டார்களுக்குப் போகும் கரண்டைக் கூட்டினான், குறைத்தான். மெஷின் கொஞ்ச தூரம் போகும், நிற்கும். "அவர்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாமே" என்று மனைவி சொன்னதற்கு, "நான் சொல்லிக் குடுத்தவன்" என்று மட்டும் பதில் வந்தது. நானும் கேட்கச் சொல்லவில்லை. உலை வைத்தவன் போய்ச் சோறு கேட்பதா என்றுதான் எனக்கும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது அவன் தரையில் சம்மணமிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்குப் பிறகு புருஷன் பொண்டாட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"அந்தப் பூ வெட்டினப்போ ஓடுச்சேடா. அப்புறம் என்ன மாத்தின?"

"மாத்தினதெல்லாம் நின்னதுக்கப்புறம்தான். முன்னாடி ஒண்ணும் மாத்தலக்கா."

"ஒண்ணும் மாத்தலையா? இப்படிச் சடை பின்னி வச்சிருக்க."

"அது அழகுக்குக்கா" என்றான் எரிச்சலோடு.

சொல்லிவிட்டு அந்தச் சடையையே பார்த்தான். பிறகு எழுந்து வெட்டும் மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டு, மெஷினைச் சும்மா ஓட விட்டான். காற்றிலேயே ஒரு முழு இலையை வரைந்து முடித்தது. நிற்கவில்லை. அடுத்து, சட்டத்தை அசையவே விடாமல், வெட்டும் மோட்டாரை மட்டும் சுற்ற விட்டான். எதுவும் நகரவில்லை. ஆனாலும் சிவப்பு எழுத்து வந்தது.

"தூ" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டான்.

வெட்டும் மோட்டாரின் தடித்த கேபிள் ஒரு இரைச்சல் பேர்வழி. அதில் ஓடும் கரண்டின் அதிர்வு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகும் மெல்லிய ஒயரிலும் ஏறும். ஸ்விட்ச் ஒயர் ரொம்ப மெல்லியது. அந்த இரைச்சலை ஸ்விட்ச் அமுங்கிய செய்தி என்று மோட்டார்களை ஓட்டும் போர்டு நம்பிவிடும். இதைச் சொல்லிக்கொண்டே கட்டுகளை வெட்டினான். "லிப்ட்ல நான் இதச் செய்யவே மாட்டேன்க்கா. யாராவது செஞ்சிருந்தா கிழிச்சித் தொங்க விட்டிருப்பேன்."

நான் ஸ்விட்ச் ஒயர்களை உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் மோட்டாரைச் சுற்ற விட்டான். சிவப்பு வரவில்லை. கையைத் தாழ்த்தச் சொன்னான். ஒயர் கேபிளோடு ஒட்டியதும் கொஞ்ச நேரத்தில் வந்தது. தூக்கினேன், போயிற்று. வராத கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளை மாதிரி அவன் முகம் தெளிந்தது.

துணி காயப்போடும் கயிற்றைச் சுவருக்குச் சுவர் கட்டி, ஸ்விட்ச் ஒயர்களை அதில் தொங்க விட்டோம். பார்க்க முன்னைவிட அசிங்கம். நல்ல மரத்தைப் பொருத்தி அன்று சாயங்காலமே ஆரம்பித்தான். ஞாயிறு மத்தியானம் வரை வெட்டியது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைசிப் பூவின் ஓரத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன். சட்டையாக இருந்தால் முதல் தரம் என்று அனுப்பியிருப்பேன். தம்பி மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள். "சாயங்காலம் பிள்ளைங்க வந்தா இத ஓட்டக்கூடாது, ஆமா" என்றாள். அறை தம்பிக்குத்தான் என்பதை அவள் சொன்ன விதம் அது.

கதவு மாட்டுகிற நாள் எல்லாரும் கூடினோம். சகலை மெதுவாகத் தம்பியிடம், "அன்னிக்கே சொல்ல வந்தேன் சகல, ஒயர் கட்டுலதான் விஷயம்னு. எனக்கும் முதல்ல அதே கூத்துதான். இரைச்சல் வெளிய வராம கம்பி வலை சுத்துன கேபிள் போட்டப்புறம்தான் சரியாச்சு" என்றார். தம்பி சிரித்து வைத்தான்.

"கம்பி வலையாம்" என்று பிறகு என் காதில் சொன்னான். "படம் வரைஞ்சு குடுத்தேனே, அதுல வலை இருந்துச்சா? அவரா யோசிச்சிருக்காரு." அதில் அவனுக்குப் புதிதாக ஒரு எரிச்சல்.

இரண்டு கதவையும் மூடினார்கள். கொடி இடப்பக்கம் கிளம்பி, நடுக்கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் பூத்தது. சேருகிற இடத்தில் நகத்தை வைத்தாலும் தட்டவில்லை. எது எவர் செய்தது என்று சொல்ல முடியாது. மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளைங்க செஞ்சது" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். தம்பியின் முகம் வாடியது. தோற்கக் கூடாது என்றுதான் அவன் அந்த வாரமெல்லாம் மல்லாடினான். தோற்கவில்லை, ஆனால் ஜெயித்ததும் யாருக்கும் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம், "வலது பக்கம் எங்க தம்பி" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து உடனே, "இடது எங்க வீட்டுக்காரரு" என்றாள் சகலையின் மனைவி.

"ரெண்டையும் தொறங்கப்பா, பீரோ உள்ள போகணும்" என்றார் மாமனார்.

பீரோ போன பிறகு கதவைச் சாத்தினார்கள். தம்பி தெருவில் இறங்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். நானும் போய் நின்றேன்.

"நல்லாத்தானேடா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "வெயில் மட்டும் அவரு பக்கம் விழுது பாருக்கா."