பசுவுக்குக் கட்டிய மறைப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். பால் கறக்கும் இயந்திரம், புல் நறுக்கும் இயந்திரம், மாடு படுக்க ரப்பர் விரிப்பு. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பதைவிட வீட்டுக்குப் பின்னால் இரண்டு பசு வளர்த்தால் லாபம் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். "காத்து வர்ற பக்கம் மட்டும் எதையாச்சும் கட்டி மறைச்சிட்டாப் போதும்மா" என்றாள். "வேணாம்" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

மலைநாட்டில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருந்தோம். நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன். அக்கா சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஹட்டனிலிருந்து ஒரு தரகர் அடிக்கடி வருவார். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர். எங்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டே அக்காவை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஒருநாள் அப்பா அவரிடம், "இனிமே இந்தப் பக்கம் அலையாதீங்கண்ணே. எங்க வீட்டுக்குப் பசு வந்திருச்சு. புள்ளைய அது படிக்க வைக்கும்" என்றார்.

அம்மாவின் தோடும், சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும்தான் அந்தப் பசுவாகி வந்திருந்தன. கறுப்பும் வெள்ளையுமாக, லயத்துக் கதவைவிடப் பெரிய சீமைப் பசு. சினையாக இருந்தது. அது ஈன்றதும் பால் எடுக்க வரும் வண்டிக்கு ஊற்றலாம், சாணத்தை மரக்கறித் தோட்டத்துக்குப் போடலாம், அக்காவுக்குப் புதுச் சப்பாத்து வாங்கலாம் என்று வீட்டில் தினமும் பேச்சு. அக்கா கொட்டிலிலேயே உட்கார்ந்து படித்தாள். பசு அவள் புத்தகத்தின் மேல் மூச்சு விடும்.

அந்த வருடம் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. கொட்டிலுக்கு மூன்று பக்கமும் சுவரில்லை. மறைப்புக் கட்ட அப்பா தோட்டத்து ஸ்டோரிலிருந்து வெறும் உரச்சாக்குகளைக் கொண்டுவந்தார். எங்கள் லயத்தில் உரச்சாக்கு இல்லாத காரியமே கிடையாது. மழைக்குத் தலையில் போடும் கொங்காணியும் அதுதான், வாசலில் மிதியடியும் அதுதான்.

"கழுவிட்டுக் கட்டுங்க" என்றாள் அம்மா.

"இந்த மழையில கழுவுனா எப்பக் காயும்? ஈரச் சாக்கக் கட்டுனா மாட்டுக்குச் சளி புடிச்சிரும்."

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சான், மாட்டுக்குப் பங்களாவா? நம்ம கூரை ஒழுகுறது தெரியலியா?"

"அது சினையா இருக்கு. நீயும் சினையாகு, ஒனக்கும் கட்டித் தாரேன்" என்றார் அப்பா. அம்மாகூடச் சிரித்தாள். அப்பா அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

மறுநாள் காலை பசு விழுந்து கிடந்தது. வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, கால்கள் தனித்தனியாக உதறிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் சிங்களம் பேசத் தெரிந்தவள் அக்கா மட்டும்தான். மழையில் ஓடிப்போய் மாட்டு டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டொக்டர் கொட்டிலைச் சுற்றி வந்தார். பசு தலை நீட்டும் உயரத்தில் சாக்குகள் நக்கி நக்கிப் பளபளப்பாக இருந்தன. ஒரு சாக்கின் அடித் தையலைப் பிரித்து, அதில் கட்டி தட்டியிருந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அக்காவிடம் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அப்பா.

அக்கா சாக்கைப் பார்க்காமல், "குளிர்க் காய்ச்சலாம்ப்பா. சீமை மாடுகளுக்குத் திடீர்னு வருமாம். நம்ம ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம்" என்றாள்.

அவ்வளவு நீளமாகப் பேசியது தமிழில் இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சிங்களத்தில் எதைச் சொல்லவும் நிறைய வார்த்தை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டொக்டர் சொன்னது உரத்தைப் பற்றி என்று, அப்பாவின் கருமாதி முடிந்த பிறகுதான் அக்கா என்னிடம் சொன்னாள்.

பசுவைப் புதைத்த மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. சாக்குகளை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு போய், கொட்டுகிற மழையில், மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கல்லில் தேய்த்துக் கழுவினார்.

"மாடுதான் செத்துப் போச்சே, எதுக்குப்பா கழுவுறீங்க?" என்று கேட்டேன். அவர் அடுத்த சாக்கை எடுத்துக் கல்லில் போட்டார். அக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

தரகர் மறுபடி வந்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. அக்காவே தன் உடுப்புகளை மடித்து வைத்தாள். பஸ்ஸில் போகிறாள், கடல் பார்ப்பாள் என்று எனக்குப் பொறாமை. என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அழுதேன்.

தீபாவளிக்கு அக்கா வந்தாள். வாசனைச் சவர்க்கார மணம், கையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் வளையல். அம்மா கோழிக்கறி சமைத்து எல்லோருக்கும் தட்டு வைத்தாள். அக்கா உட்காரவில்லை. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, அடுப்படி மூலையில் சுவரோரமாக நின்றாள்.

"ஏன்டி அங்க நிக்கிற? வந்து சாப்புடு" என்றாள் அம்மா.

"நீங்க முடிங்க. நான் பொறகு சாப்புடுறேன்."

அம்மா எழுந்து சோற்றைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். அக்கா நின்றபடியே, வேகவேகமாக, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டாள். கொழும்பில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது, என்ன அழகு என்று எனக்குத் தோன்றியது. நானும் தட்டோடு எழுந்து அவள் பக்கத்தில் சுவரோரமாக நின்றேன். "அப்பா, பாருங்க, நானும் கொழும்புக்காரி" என்றேன்.

அப்பா கை கழுவ எழுந்து போனார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. கறியில் உறைப்புக் கூடிவிட்டது போல என்று நான் நினைத்தேன்.