கூடத்தில் ஓடிய கார்

இடி அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். ஜன்னலை இறக்கிவிட்டு, வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, இறங்கும் இடம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போவார். அப்படிப்பட்ட மனிதர்தான் உலகத்திலேயே வேகமாகக் கார் ஓட்டுகிறவனுக்குத் தமிழில் குரல் கொடுத்துவந்தார். ஸ்டுடியோவில் வைத்த பெயர்தான் இடி. மைக் முன்னால் நின்று ஒரு அதட்டல் போட்டார் என்றால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரின் டீ டம்ளர் அதிரும்.

அந்த ஓட்டுகிறவன் தாடி வைத்து, தோல் கையுறை மாட்டிய ஒரு வெளிநாட்டுக் கதாநாயகன். பாகம் பாகமாகப் படம் வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் காரை மாடியிலிருந்து மாடிக்குத் தாண்டவிடுவான். அடுத்ததில் ரயிலுக்குள் ஓட்டிப்போய் மறுபக்கம் வருவான். எல்லாம் முடிந்ததும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பயந்தவன்தான் பிரேக்கைத் தொடுவான்" என்பான். அந்த வரியை எந்தப் பாகத்திலும் விட்டதில்லை.

"இதை எழுதினவனை ஒரு நாள் பிரேக் இல்லாத லாரியில ஏத்தி அனுப்பணும்" என்பார் இடி அண்ணன். ஆனால் நிலையான வேலை. தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து வெந்நீர் குடிப்பார். மனைவி கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார்.

படங்கள் போதாதென்று அதையே வீடியோ கேமாகவும் கொண்டுவந்தார்கள். அதற்கும் அவரையே கூப்பிட்டார்கள். படத்துக்காவது எதிரே திரை இருக்கும், உதட்டைப் பார்த்துப் பேசலாம். இதற்கு ஒன்றும் கிடையாது. இருட்டு அறையில் நின்று "இடது பக்கம்!" என்று கோபமாக ஒரு தடவை, குஷியாக ஒரு தடவை, சாகப்போகிற மாதிரி ஒரு தடவை. பிறகு "வலது பக்கம்!" அதேபோல. "மிதிடா, மிதி!" என்பதை மட்டும் எத்தனை விதமாகக் கத்தினார் என்று அவருக்கே தெரியாது.

கடைசி நாளில்தான் பேச்சு என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது. எல்லாப் பந்தயமும் முடிந்தபின், எரிந்துபோன காருக்கு முன்னால் நின்று, செத்துப்போன தம்பியை நினைத்து அவன் பேசுகிறான். இடி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பேசி முடித்தார்.

"அண்ணே, இது நிக்கும்ணே" என்றார் டப்பிங் டைரக்டர்.

இத்தனை வருடக் கத்தலில் ஒன்றாவது நிற்கட்டும் என்று அவரும் நினைத்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வரும்போது அவர்களே கேட்கட்டும்.

இந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. அவர் விற்பனையாளராக இருந்த கார் ஷோரூமை இழுத்து மூடிவிட்டார்கள். "பத்து நாள் இருந்துட்டுப் போறோம்பா" என்று மகள் இரண்டு பெட்டியோடு வந்தாள். மாப்பிள்ளை பின்னாலேயே கதவு அகலத்துக்கு ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் இடி அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அவருடைய குரலே அவரைப் பார்த்துக் கத்தியது.

"மிதிடா, மிதி!"

மாப்பிள்ளை சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, கையிலிருந்த கருவியை இரண்டு கட்டைவிரலாலும் குத்திக்கொண்டிருந்தார். "மாமா! உங்க வாய்ஸ் செமயா இருக்கு!"

"அப்படிங்களா மாப்பிள்ளை? இன்னிக்கு இன்டர்வியூவுக்குப் போனீங்களா?"

பதிலை டிவி சொல்லிற்று. "இதெல்லாம் ஒரு வேகமா?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். இடி அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையை 'வாங்க, போங்க' என்று சொல்லியாக வேண்டும். கோபத்தையும் 'ங்க' போட்டுத்தான் காட்ட வேண்டும். டிவிக்குள் இருந்தவன் மட்டும் அதே ஆளை 'டா' போட்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான், அதுவும் இவர் குரலில். அவன் சொன்னால் மாப்பிள்ளை கேட்டார். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. இவர் "அந்த லைட்டை அணைச்சிடுங்களேன்" என்றால் காதில் விழாது.

பத்து நாள் மாதக்கணக்காக நீண்டது. காலையில் பல் தேய்க்கும்போது டயர் கிறீச்சிடும். சாப்பிடும்போது ஏதாவது வெடிக்கும். ஒருநாள் ஒயரைப் பிடுங்கி அலமாரியில் துணிக்கடியில் வைத்தார். மகள் கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்தாள். "அவர் ஏற்கெனவே நொந்து போயிருக்காருப்பா. இதையாவது விளையாடட்டுமே."

"நொந்து போனவன் இப்படியா சிரிப்பான்?" என்று மனைவியிடம் சமையலறையில் பல்லைக் கடித்தார்.

பிறகு ஒருநாள் மாப்பிள்ளை, "இன்னும் கொஞ்சம்தான் மாமா, கதை முடியப் போகுது" என்றார். அப்போதுதான் இடி அண்ணனுக்கு உறைத்தது. முடிவில்தானே அந்தப் பேச்சு இருக்கிறது!

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். தானே டீ கொண்டுவந்து வைத்தார். "எது வரைக்கும் வந்துட்டீங்க?" என்று கேட்டார். வயிறு புரட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மனதுக்குள் மட்டும் வெறுப்பு ஒரு சொட்டும் குறையவில்லை. இந்த ஆள் சீக்கிரம் ஓட்டித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

மாப்பிள்ளை ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டார். எதிரே லாரி வரும், மோதுவார், திரும்ப முதலிலிருந்து வருவார், மறுபடி அதே லாரியில் போய் மோதுவார்.

"லாரிதான் வருதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" மாப்பிள்ளையிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அப்போ நீங்களே ஓட்டுங்க மாமா!" மாப்பிள்ளை கருவியை அவர் மடியில் போட்டார்.

ரோஷத்தில் எடுத்துவிட்டார். எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது. கார் திரும்பிக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தது. ஒரு பழக்கடை சிதறியது. விளக்குக் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. போலீஸ் வண்டி துரத்த, நீரூற்றைத் தாண்டி ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவுக்குள் புகுந்து பின்பக்கமாக வந்தார். "அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். டிவி இல்லை, அவரேதான். மகளும் மனைவியும் வேலையை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு யார் மீதும் கோபம் இல்லை, தலைக்குள் ஒன்றுமே இல்லை. அப்புறம் கருவியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாப்பிள்ளை கடைசிப் பந்தயத்தை ஜெயித்தார். இடி அண்ணன் மனைவியையும் மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பேசாம பாருங்க. ஒண்ணு வரப்போகுது."

எரிந்த கார் வந்தது. தாடிக்காரன் நடந்து வந்து, கையுறையைக் கழற்றி, வாயைத் திறந்தான். திரை கறுத்தது. 'கதை தொடரும். அடுத்த பாகத்துக்கு இப்போதே பணம் கட்டுங்கள்' என்று எழுத்து வந்து மினுக்கியது.

"அவ்ளோதானா? இதுக்கா இத்தனை நாள் உட்கார்ந்தேன்?" என்று மாப்பிள்ளை கருவியை சோபாவில் எறிந்தார்.

"என்னமோ வரும்னீங்களே, என்னங்க அது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. போய் வேலையைப் பாரு."

மறுநாள் ஸ்டுடியோவில் கேட்டபோது டைரக்டர் சாதாரணமாகச் சொன்னார். "கேம் கம்பெனியில கொஞ்ச பேரை விளையாட விட்டுப் பார்த்தாங்கண்ணே. அந்த இடம் வந்ததும் எல்லாரும் பட்டனை அமுக்கித் தாண்டிட்டாங்க. அதான் தூக்கிட்டாங்க. பேச்சு யாருக்குண்ணே வேணும்? வண்டி ஓடணும், வெடிக்கணும்."

இடி அண்ணன் வெடித்தார். இத்தனை பாகங்களாக அடக்கிவைத்ததை எல்லாம், அந்த பிரேக் வசனத்திலிருந்து தொடங்கி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கொட்டினார். பக்கத்து அறையில் ரெக்கார்டிங் நின்றுபோனது. அதற்கப்புறம் படத்தின் அடுத்த பாகத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. பெயர்பெற்ற ஒரு நடிகரைப் பேசவைத்தார்கள். வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை.

படம் வந்ததும் மாப்பிள்ளை டிக்கெட்டோடு நின்றார். தட்ட முடியவில்லை. பார்த்துவிட்டுக் காறித் துப்பலாம் என்ற ஆசையும் இருந்தது. இந்தத் தடவை கார் விமானத்திலிருந்து குதித்துக் கப்பலின் மேல் இறங்கியது. ஏன் குதித்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. புதுக் குரல் எண்ணெய் போட்டு வழித்த மாதிரி இருந்தது. தியேட்டர் முழுக்க விசில். முந்தைய ஆள் எங்கே என்று ஒருவரும் தேடவில்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, இந்த பார்ட்ல உங்க வாய்ஸ் இன்னும் செம!"

மாதக்கணக்காக நாள் முழுக்க அந்தக் குரலோடு உட்கார்ந்திருந்த மனிதர்! இடி அண்ணன் கையை உதறினார். "என் குரல் எப்படி இருக்கும்னு காட்டறேன், கேளுங்க."

தியேட்டர் வாசலில், வண்டிகளை எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில், அந்தக் கடைசிப் பேச்சை ஆரம்பித்தார். "தம்பி, நீ ஸ்டீரிங்கைப் பிடிச்சதே என் மடியில உட்கார்ந்துதான்டா..." நாலைந்து பேர் திரும்பினார்கள். குரல் நன்றாகத்தான் எழும்பியது. ஆனால் இருட்டு அறையும் ஹெட்போனும் இல்லாமல், அந்த வெயிலில் அவருக்கே வார்த்தைகள் முதல் தடவையாகக் காதில் விழுந்தன. தம்பியைப் பற்றி இரண்டு வரி. மீதியெல்லாம் காரைப் பற்றி. இன்ஜினைப் பற்றி, சக்கரத்தைப் பற்றி. அடுத்து அந்த பிரேக் வரிதான் வரவேண்டும். பாதியில் நிறுத்திவிட்டார்.

"இது எந்தப் படம் மாமா?"

"எந்த எழவுப் படமும் இல்ல. நடங்க."

சில வாரங்களில் மாப்பிள்ளைக்கு டயர்க் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. தனி வீடு பார்த்துக்கொண்டு டிவியோடு போனார்கள். இடி அண்ணனுக்கு சிமென்ட் விளம்பரமும் தலைவலித் தைலமும் மாறி மாறி வருகின்றன. கத்தத் தேவையில்லாததால் தொண்டை பரவாயில்லை. மாப்பிள்ளையோடு இப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார், அதுவும் இரண்டு வார்த்தை. மகள் போன் பண்ணும்போது பின்னால் ஏதாவது வெடித்தால், "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிடுகிறார். அப்புறம் பேசுவதில்லை.